என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க கம்ப்யூட்டர் துறையில முப்பது வருஷம் இருந்தவங்க. அதைப் பத்திப் பதினஞ்சு நிமிஷம் பேசுங்க" என்றார். கம்ப்யூட்டரைப் பற்றி நான் சொல்லி இந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை. ஆகவே வேறொன்றைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு பட்டியலைப் பற்றி. வேண்டியதை எழுதி நண்பர்களிடம் கொடுக்கும் பட்டியல். 'விஷ் லிஸ்ட்' என்பார்கள். நாம் விருப்பப் பட்டியல் என்று வைத்துக் கொள்வோம்.

நான் சிகாகோ பக்கம் இருபத்து நான்கு ஆண்டுகள் குடியிருந்தேன். அங்கே நவம்பர் கடைசியிலேயே இந்தப் பேச்சு ஆரம்பித்து விடும். "கிறிஸ்துமஸுக்கு உனக்கு என்ன வேணும்?" என்று குழந்தையிடம் மட்டுமல்ல, பாட்டியிடமும் கேட்பார்கள். பாட்டியும் கூச்சமே இல்லாமல், "வீட்டுக்குள்ளே போட்டுக்க மெத்தென்ற செருப்பு, அளவு ஏழு" என்று எழுதிக் கொடுப்பார். முதல் வருஷம் இதைப் பார்த்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நம் ஊரில் விருந்தாளிக்கு இரண்டாவது காபி வேண்டுமென்றாலும் மூன்று முறை "வேண்டாம்" சொன்ன பிறகுதானே டம்ளரை நீட்டுவார்!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். சாண்டா கிளாஸ் என்ற கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுவது பழைய வழக்கம். தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் 1866-ல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகையில் தாத்தாவின் வீட்டை வடதுருவத்தில் வைத்துப் படம் போட்டார். 1871-ல் அவரே இன்னொரு படம் போட்டார். தாத்தா மேஜையில் உட்கார்ந்து தபால் படிக்கிறார். பக்கத்தில் இரண்டு கட்டு. ஒன்று நல்ல பிள்ளைகளின் பெற்றோர் எழுதியது, இன்னொன்று குறும்புப் பிள்ளைகளின் பெற்றோர் எழுதியது. எந்தக் கட்டு உயரம் என்று நான் சொல்லத் தேவையில்லை!

படத்தில் விலாசம் கிடைத்துவிட்டது. பிள்ளைகள் நிஜமாகவே தபாலில் போட ஆரம்பித்தார்கள். தபால் இலாகா என்ன செய்யும்? வடதுருவத்தில் டெலிவரி ஏது? 1912-ல் அமெரிக்கத் தபால் துறைத் தலைவர் ஃபிராங்க் ஹிட்ச்காக், ஊழியர்களும் பொதுமக்களும் அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்துப் பதில் எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார். அதுவே 'ஆபரேஷன் சாண்டா' என்ற திட்டமாக வளர்ந்து இன்றும் நடக்கிறது. யாரோ முகம் தெரியாத ஒருவர் கடிதத்தை எடுத்துக் கொள்வார். கேட்ட பொருளை வாங்கி அனுப்புவார். அந்தக் கடிதங்களில் பொம்மையும் சைக்கிளும் மட்டுமா இருக்கும்? "தம்பிக்குக் குளிர் கோட் வேணும்", "அம்மாவுக்கு வேலைக்குப் போட்டுட்டுப் போக ஷூ வேணும்" என்பதும் இருக்கும்.

கனடாவில் 1974-ல் மான்ட்ரியால் தபால் ஊழியர்கள் சிலர் தாமாகவே பதில் எழுத ஆரம்பித்தார்கள். 1983 முதல் அது நாடு முழுமைக்குமான திட்டமாயிற்று. அந்த நாட்டு பின்கோடில் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும். தாத்தாவுக்கு ஒதுக்கிய பின்கோடு என்ன தெரியுமா? எச், பூஜ்யம், எச், பூஜ்யம், எச், பூஜ்யம். சேர்த்துப் படித்தால் 'ஹோ ஹோ ஹோ'! தபால்காரருக்கும் நகைச்சுவை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் கடிதங்களுக்கு மேல் அந்த விலாசத்துக்குப் போகிறது, பதிலும் வருகிறது.

பெரியவர்களும் சும்மா இல்லை. சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்று பெரிய கடை இருந்தது. 2006-ல் பெயர் மாறிவிட்டது. 1924-ல் அந்தக் கடை ஓர் ஏற்பாடு செய்தது. கல்யாணப் பெண் தனக்கு என்ன தட்டு, என்ன கிண்ணம் வேண்டும் என்று கடையிலேயே எழுதி வைப்பாள். உறவினர் அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்கிக் கொடுப்பார்கள். ஒரே வீட்டுக்குப் பதினோரு பால் குக்கர் போகாது. 1999-ல் அமேசான் கம்பெனி இந்தப் பட்டியலை இணையத்தில் வைத்தது. அதற்குப் பிறகு உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் நண்பரும் ஒரு சொடுக்கில் உங்கள் ஆசையைப் பார்க்கலாம் என்றாகிவிட்டது.

நம்மிடம் இது இல்லையா என்றால், பாதி இருக்கிறது. சீர்வரிசைப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அதைப் பெண் எழுதுவதில்லை; அதில் அன்பைவிட அதிகாரம் அதிகம். அதை நான் இங்கே சேர்க்கவில்லை. மொய் நோட்டு இருக்கிறது. பேராவூரணி, ஆலங்குடி பக்கத்து நண்பர்கள் இங்கே இருப்பார்கள். ஆடி மாதம் மொய் விருந்து வைத்து, கறிச்சோறு போட்டு, வந்த பணத்தை வரி பிசகாமல் எழுதுவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ரசீதே வருகிறது. அவன் வீட்டு விசேஷத்துக்கு இவன் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் கிணறு வெட்டவும் பிள்ளையைப் படிக்க வைக்கவும் அந்தப் பணம் உதவியது. ஆனால் ஒன்று கவனியுங்கள். மொய் நோட்டில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இருக்கும். யாருக்கு என்ன தேவை என்பது இருக்காது. விருப்பப் பட்டியல் அதற்கு நேர் எதிர்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-ல் கொடையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிச் செய்வது என்று மூன்று கடமைகளை அதில் சொன்னார். மூன்றும் நம் வீட்டில் பால் குடிக்கும்போதே கற்றுக் கொடுத்து விடுகிறார்கள். நான்காவதாக ஒன்றை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அதுதான் கேட்பது.

கேட்பது கேவலம் என்று நினைக்கிறோம். வள்ளுவர் இதை எப்படிப் பார்த்தார்? தமிழ்ப் பேராசிரியர்கள் முன்னால் பயத்தோடுதான் சொல்கிறேன். 106-வது அதிகாரம் 'இரவு'. 107-வது 'இரவச்சம்'. அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஒன்றில், கேட்கத் தகுந்தவரைக் கண்டால் கேள், இருந்தும் ஒளித்தால் பழி அவருக்கு என்கிறார். அடுத்ததில், மனம் மகிழ்ந்து கொடுப்பவரிடத்திலும் கேளாமலிருப்பது கோடி பெறும் என்கிறார். நாம் இரண்டாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு முதலாவதைச் சாய்ஸில் விட்டுவிட்டோம்!

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2009 வாக்கில் நாங்கள் எட்டுப் பெண்கள் கம்ப்யூட்டர் வழியாகவே பழக்கமானோம். சிகாகோவில் நான். டொராண்டோ, எடின்பரோ, சிட்னி, சிங்கப்பூர், துபாய், டல்லாஸ், கோயம்புத்தூர் என்று மற்ற ஏழு பேர். எட்டுப் பேரும் ஒரே கூரையின் கீழ் இன்று வரை சந்தித்ததில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு விசா, இட்லி மாவு பொங்கவில்லை என்று எழுதி எழுதியே சிநேகம் வளர்ந்தது. 2011 டிசம்பரில் டல்லாஸ் தோழி சொன்னாள்: "லீவு வருது. ஆளுக்கு ஒரு பட்டியல் போடுவோமா?"

நாங்கள் நாலு சட்டம் போட்டோம். ஆளுக்கு ஐந்து வரி. எந்தப் பொருளும் இருபது டாலரைத் தாண்டக் கூடாது. ஐந்தில் ஒன்றாவது காசு செலவில்லாததாக இருக்க வேண்டும். யார் பட்டியலை யார் எடுப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். அவ்வளவுதான்.

பட்டியல்கள் வந்தன. கோயம்புத்தூர்த் தோழி, "மூக்குக் கண்ணாடியைக் கழுத்துல மாட்டிக்கக் கயிறு, தினம் தேடி முடியல" என்று எழுதியிருந்தாள். டொராண்டோக்காரி இஞ்சி நசுக்கச் சின்னக் கல் உரல் கேட்டாள். சிட்னித் தோழி தன் பட்டியலுக்கு அடியில், "தின்கிற சாமான் எதுவும் தபால்ல அனுப்பாதீங்க, இங்கே பார்சலைப் பிரிச்சுப் பார்த்து எடுத்துடுவாங்க" என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அது ரொம்ப உபயோகமான வரி. எது வேண்டாம் என்பதும் நண்பனுக்குத் தெரிய வேண்டியதுதானே? எடின்பரோவில் டிசம்பரில் நாலு மணிக்குள் சூரியன் அஸ்தமித்து விடும். அவள் எழுதியது: "சாயங்காலம் நாலு மணிக்கு யாராவது பத்து நிமிஷம் போன்ல பேசுங்க. என்ன வேணா பேசுங்க." காசில்லாத வரி அது. அந்த மாதம் முழுக்க ஆளுக்கு ஒரு நாள் வைத்துப் பேசினோம். துபாய்த் தோழி ஒரு நாள் பத்து நிமிஷமும் கத்திரிக்காய் விலையைப் பற்றியே பேசினாளாம். "அதுதான் பெஸ்ட்" என்றாள் எடின்பரோக்காரி.

சிங்கப்பூர்த் தோழி மட்டும் மூன்று வருஷம் தொடர்ந்து ஒரே பட்டியல் கொடுத்தாள். "எனக்கு எதுவும் வேண்டாம்ப்பா, நீங்க எல்லாம் நல்லா இருந்தா போதும்." நம் ஊரில் இதைப் பெருந்தன்மை என்போம். நான்காவது வருஷம், 2014 டிசம்பரில், அவள் பட்டியலில் ஒரே ஒரு வரி வந்தது.

"தலையில கட்டிக்க மெல்லிய பருத்தித் துணி. அரிக்காத துணியா இருக்கணும். கறுப்பு வேண்டாம்."

வேறு எதுவும் எழுதவில்லை. வியாதியின் பெயரை எழுதவில்லை, எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது ஊசி என்று எழுதவில்லை. எங்கள் ஏழு பேருக்கும் புரிந்துவிட்டது. அந்த வருஷம் சீட்டுக் குலுக்கவில்லை. ஏழு ஊரிலிருந்து ஏழு துணி போயிற்று. கோயம்புத்தூரிலிருந்து கைத்தறி, என்னிடமிருந்து மஞ்சளில் சின்னப் பூப்போட்டது. சிட்னித் தோழியின் பெரியம்மா மகள் சிங்கப்பூரில் தெம்பனிஸ் பக்கம் இருந்தாள். அவள் ஒன்றுவிட்டு ஒரு வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனாள். அதுவும் கேட்டதால் கிடைத்ததுதான். துணி வந்து சேர்ந்த பிறகு, "கூட வர ஆள் இல்லை" என்று அவளே வாய் திறந்து சொன்னாள்.

சிங்கப்பூர்த் தோழி இன்று நன்றாக இருக்கிறாள். முடி முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது என்று பீற்றிக் கொள்கிறாள். அந்த ஏழு துணியையும் சேர்த்துத் தைத்துச் சமையலறை ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறாள். எதற்குச் சொல்கிறேன் என்றால், "எனக்குப் புற்றுநோய்" என்று எங்களுக்குச் சொல்ல அவளால் முடியவில்லை. "துணி வேண்டும்" என்று சொல்ல முடிந்தது. பட்டியலில் ஒரு காலியிடம் இருந்ததால் முடிந்தது. சும்மா வந்து சொல் என்றிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. ஆராய்ச்சி செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பரிசு வாங்கிய மாணவர்களிடம் அதன் மதிப்பைக் கேட்டுக் கணக்குப் போட்டார். கொடுத்தவர் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று வந்தது. நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள், வாங்கிக் கொண்டவர் கண்ணுக்கு எழுபது, தொண்ணூறு ரூபாய்தான். நண்பர்கள் கொடுத்தது அதிகம் வீணாகவில்லை. தாத்தா பாட்டி, அத்தை மாமா கொடுத்ததுதான் அதிகம் வீணாயிற்று. இங்கே இருக்கிற மாமாக்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம், கணக்கு அமெரிக்காவினுடையது!

2011-ல் ஃபிரான்செஸ்கா ஜீனோ, பிரான்சிஸ் ஃப்ளின் என்ற இருவர் வேறொன்று கண்டார்கள். கேட்காததைத் தேடிக் கொடுத்தாலும் அதே அளவு சந்தோஷப்படுவார்கள் என்று கொடுப்பவர் நினைக்கிறார். பெறுபவருக்கோ கேட்டதைக் கொடுத்தால்தான் கூடுதல் சந்தோஷம். "நான் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார்" என்ற சந்தோஷம் அது என்று எனக்குப் படுகிறது.

அதே ஃப்ளின், வனெஸ்ஸா லேக் என்பவரோடு சேர்ந்து 2008-ல் செய்த ஆராய்ச்சிதான் மாணவர்களுக்கு முக்கியம். முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ஐந்து பேர் சம்மதிக்க எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டால், சராசரியாக இருபது பேர் என்றார்கள். உண்மையில் பத்துப் பேரைக் கேட்டதிலேயே ஐந்து பேர் சம்மதித்து விட்டார்கள். "முடியாதுன்னு சொல்லிடுவாங்க" என்ற பயத்தில் பாதி நம் மனசிலேதான் இருக்கிறது.

கேட்பதற்கு ஒரு முறையும் உண்டு. இதை மாணவர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

எங்கள் எட்டுப் பேருக்குள் இரண்டு வருஷம் எழுதிப் பழகி, முகம் பார்த்துப் பேசி, ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போய் வந்த பிறகுதான் விலாசம் கைமாறியது. நேற்றுப் பழக்கமான ஆளுக்கு விலாசம், பிறந்த தேதி, எந்த பஸ்ஸில் போகிறோம் என்பதெல்லாம் போகக் கூடாது. ஆசைப் பட்டியல் என்பது ஆளைப் பிடிக்கிற தூண்டிலாகவும் ஆகும். உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்தவனுக்கு உங்களை ஏமாற்றுவது சுலபம்.

நம் நாட்டில் பல வருஷமாக நடக்கிற ஒரு மோசடியைச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் இணையத்தில் நண்பராவார். தேன் ஒழுகப் பேசுவார். "உனக்குப் பிடிச்ச வாட்ச், நகை, லேப்டாப் எல்லாம் பார்சல்ல அனுப்பியிருக்கேன்" என்பார். படம் கூட வரும். இரண்டு நாள் கழித்து, "கஸ்டம்ஸ்லேர்ந்து பேசறோம், பார்சல் பிடிபட்டிருக்கு, வரி கட்டணும்" என்று இன்னொரு குரல் வரும். முதலில் இருபதாயிரம், அப்புறம் ஐம்பதாயிரம், அப்புறம் கேஸ் போடுவோம் என்று மிரட்டல். பார்சலும் இல்லை, நண்பரும் இல்லை. அமெரிக்காவிலும் இதே ஜாதி மோசடிகள் உண்டு. கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணைச் சொல்லு என்று யார் கேட்டாலும் அது ஏமாற்றுதான் என்று அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புத் துறையே எச்சரிக்கிறது. இப்படி யாராவது மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த வழி உண்டு.

கேட்கும் நண்பன் யார், ஏமாற்றும் நண்பன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று உண்டு. நல்ல நண்பன் சின்னதாகக் கேட்பான், எல்லார் முன்னாலும் கேட்பான், "முடியாது" என்றால் சிரித்துக் கொள்வான். மற்றவன் பெரிதாகக் கேட்பான், ரகசியமாகக் கேட்பான், அவசரப்படுத்துவான். இந்த மூன்றையும் மனதில் வைத்துக் கொண்டால் போதும்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

நான் இங்கே பி.எஸ்ஸி. கணிதம் படித்தபோது எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். இரண்டாம் ஆண்டு நடுவில் நாற்பத்தொன்று ஆயிற்று. மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. கல்யாணம் ஆகியிருக்கும் என்று பேசிக் கொண்டோம். பல வருஷம் கழித்து ஒரு விசேஷ வீட்டில் அவளைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பரீட்சைக் கட்டணம் கட்டப் பணம் இல்லை, அவ்வளவுதான். நாற்பத்தொரு பேர் ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அதே மாதம் நாங்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் துறைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினோம். அவளும் அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். அவளுக்குச் சொல்ல மனமில்லை. எங்களுக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. கெட்டவர் யாரும் இல்லாத கதை இது. ஆனால் ஒரு படிப்பு நின்று போயிற்று.

அந்தக் கதை இன்று நடக்காது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். நம் சங்கம் வருஷா வருஷம் நல்ல காரியங்கள் செய்கிறது, மறுக்கவில்லை. ஆண்டு விழாவுக்குக் கேடயம் கொடுக்கிறோம், மேடைக்குத் திரை கொடுத்தோம். மாணவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை நாம் யூகித்துக் கொடுக்கிறோம். வால்ட்ஃபோகல் கணக்குப்படி நாம் எல்லாரும் மாமாக்கள்!

ஆகவே இந்தச் சபையின் முன் ஒரு யோசனை வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறைக்கு முன் மாணவர்களிடமிருந்து ஒரு விருப்பப் பட்டியல் வாங்குவோம்.

முதலாவது, பெயர் இருக்கக் கூடாது. அமெரிக்கத் தபால் துறையின் சாண்டா திட்டத்தில் 2008-ல் பாதுகாப்பைப் பற்றிய கவலை எழுந்தது. அதன் பிறகு குழந்தையின் குடும்பப் பெயரையும் விலாசத்தையும் அடித்துவிட்டு, எண் போட்டுத்தான் கடிதத்தைப் பொதுமக்களிடம் கொடுக்கிறார்கள். பொருளைக் கொடுப்பவருக்குக் குழந்தை யாரென்று தெரியாது. தபால் துறைக்கு மட்டுமே தெரியும். நாமும் அப்படியே செய்வோம். எண் மட்டும் பட்டியலில் இருக்கட்டும். பெயர், மாணவர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு பேராசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். கொடுத்தவர் மேடையில் ஏற வேண்டாம். வாங்கியவர் போட்டோவுக்கு நிற்க வேண்டாம்.

இரண்டாவது, உச்ச வரம்பு வேண்டும். ஒரு வரி ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வைக்கலாம். பரீட்சைக் கட்டணம், சயின்டிஃபிக் கால்குலேட்டர், மெஸ் பாக்கி, மழைக்கோட்டு, இன்டர்வியூவுக்குப் போட ஒரு நல்ல சட்டை. வரம்பு இருந்தால் கேட்பவருக்கும் கூச்சம் குறையும், கொடுப்பவருக்கும் பயம் குறையும்.

மூன்றாவது, ஆளுக்கு ஒரு வரி காசில்லாததாக இருக்கட்டும். "என் விண்ணப்பத்தை யாராவது படித்துத் திருத்திக் கொடுங்கள்." "சென்னைக்குப் பரீட்சை எழுத வருகிறேன், எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து ஹாலுக்கு எப்படிப் போவது என்று சொல்லுங்கள்." "ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் பேசிப் பழக ஆள் வேண்டும்." இங்கே இருக்கும் முன்னூறு பேரில் இதைச் செய்ய முடியாதவர் ஒருவர் உண்டா?

நான்காவது, இதுதான் எனக்கு முக்கியம். நாமும் பட்டியல் எழுத வேண்டும். கேட்பது மாணவர்கள் வேலை, கொடுப்பது நம் வேலை என்று இருந்தால் அது தர்மமாகப் போய்விடும், சிநேகமாக இருக்காது. முன் வரிசையில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் தேவைகள் இல்லையா? பென்ஷன் வாங்குபவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் ஏற்பாட்டின்படி அதை வீட்டிலிருந்தே கொடுக்கலாம். ஆனால் போனைப் பிடித்துக் கொடுக்க ஒரு பேரப்பிள்ளை வேண்டும். பேரப்பிள்ளைகளோ டல்லாஸிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். உள்ளூரில் இருக்கும் மாணவர் அரை மணி நேரம் வந்தால் வேலை முடிந்தது. என் பட்டியலில் முதல் வரி இப்போதே சொல்கிறேன். இருபத்து நான்கு வருஷம் கழித்து ஊருக்கு வந்திருக்கிறேன். இந்த ஊரில் எந்த மினி பஸ் எங்கே போகிறது என்று எனக்கு ஒருவர் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். காசில்லாத வரி. நாளைக்கே வரலாம், காபி கொடுக்கிறேன். மூன்று முறை "வேண்டாம்" சொல்லத் தேவையில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குக் கையில் இருக்கும் போனில் ஆயிரம் நண்பர்கள் இருப்பார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த எண்ணிக்கைதான் உண்மையான எண்ணிக்கை. அதை ஐந்தாக, எட்டாக வளர்த்துக் கொள்ளுங்கள். எட்டுக்கு மேல் எனக்கே தேவைப்படவில்லை.

சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: இன்று மாலை நடக்கும் பொதுக்குழுவில் இந்த யோசனையை எடுத்துக் கொள்ளுங்கள். முதல் பட்டியலில் யார் எந்த எண்ணில் என்ன எழுதினாலும், அதில் மூன்று வரிகளை நான் ஏற்றுக் கொள்கிறேன். எந்த மூன்று என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சொல்லுங்கள்.